வேக்குவம் விழுந்த கெட்டில்

கெட்டிலில் வேக்குவம் விழுந்துவிட்டது. அதைப் பார்க்காமல் ஸ்டீமைக் கூட்டச் சொன்னேன். தப்பு என்னுடையது.

சாராயம் காய்ச்சுகிறவனுக்கு இந்தக் கவலை இல்லை. நாங்கள் ஒரகடத்தில் வடித்தது வாசனை எண்ணெய், சூடு தாங்காது. பம்ப் வைத்து, கெட்டில் என்கிற மூடிய கொப்பரையின் காற்றை உறிஞ்சி வேக்குவம் ஆக்கிவிட்டால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். காற்று புகுந்தால் கொதிக்காது, கருகும். பிளாண்டில் குப்பை கொட்டியவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

சொட்டுச் சொட்டாக

2011. மதியம், ஷிப்ட் முடிய ஒரு மணி நேரம். வடிகிற எண்ணெய் சொட்டுச் சொட்டாகிவிட்டது. இன்னும் இரண்டு டிரம் நிரம்பினால்தான் டார்கெட். ஸ்டீமைக் கூட்டு என்றேன். ஆபரேட்டர் தூத்துக்குடிக்காரர். முதலில் வேக்குவம் கேஜைப் பார்ப்போமே என்று இழுத்தார். எரிந்து விழுந்தேன். வால்வில் கை வைத்தபடி, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொன்னார்: "நீங்க சொல்லுதிய, நா தொறக்கேன் சார்."

சாம்பிள்

கால் மணி நேரத்தில் லேப் அம்மா சாம்பிள் பாட்டிலோடு வந்தார். மண்ணூர்க்காரர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அதிர்ந்து பேசமாட்டார். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"காலைல தண்ணி மாரி இருந்துச்சு சார். இப்ப டீ கணக்கா கீது."

முள் இறங்கவில்லை

ஸ்டீமை மூடினோம். கெட்டிலைச் சுற்றியுள்ள ஜாக்கெட் உறையில் தண்ணீர் விட்டோம். சூட்டு முள் இறங்கவில்லை, ஏறியது. எங்கோ இடுக்கை அடைக்கிற ஒரு கேஸ்கெட் விட்டு, அதன் வழியே புகுந்த காற்று எண்ணெயை உள்ளேயே எரித்துக்கொண்டிருந்தது. மூடி தெறித்தால் ஷெட்டில் இருந்த ஒன்பது பேரும் காலி.

எங்கள் பிளாண்டில் ஒரு கெட்ட பழக்கம். எதையும் எரியவிடாத நைட்ரஜனை மிச்சம் பிடிக்க, வடித்து முடித்ததும் வேக்குவத்தை வெறும் காற்று விட்டுத்தான் உடைப்போம். ஆறிய கெட்டிலில் அது பிழைத்துப் போகும். என் பழகிய கை அந்தக் காற்று வால்வுக்கே போனது. லேப் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். பம்பை நிறுத்தினார், நைட்ரஜனைத் திறந்தார். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"காத்து உட்டிருந்தா யாரும் வூட்டுக்குப் போயிருக்க மாட்டோம் சார்."

முள் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறங்கியது.

முப்பது வருஷ சர்வீஸ் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவன் நான். கெட்டிலை அடக்கியது, சேர்ந்து எட்டே மாதம் ஆன லேப் அம்மா மீனாட்சி.