இடது கைக்கு ஒரு ஸ்தோத்திரம்

குழாய் வேலை பார்க்கும் அவரைச் சபையிலும் தெருவிலும் 'ஸ்தோத்திரம்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பட்டப்பெயருக்கும் சேர்த்து ஒரு ஸ்தோத்திரம் சொன்னார். சைக்கிளில் பின் டயர் வெடித்தால் முன் டயர் தப்பியதற்கு நன்றி. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினால் பக்கத்துப் பல்லுக்கு நன்றி. ஒன்று போனால் அதன் ஜோடியைத் தேடிப் பிடித்து நன்றி சொல்லிவிடுவார்.

வேலைக்குப் போன இடங்களில் மட்டும் இது எடுபடவில்லை. ஒரு வீட்டுச் சமையலறையில் கணுக்கால் அளவு தண்ணீர். வாசலில் நின்று பார்த்துவிட்டு, "முழங்கால் அளவுக்கு வரலியே, ஸ்தோத்திரம்" என்றார்.

"முதல்ல வால்வை மூடுங்கண்ணே. மிச்சத்தை அப்புறம் சொல்லலாம்" என்றாள் அந்த வீட்டுக்காரி, ஒரு கையில் துடைப்பமும் மறு கையில் நனைந்த செருப்புமாக.

இதெல்லாம் வேஷம் என்று தள்ளிவிட முடியாது. முன்பு அவர் வேலை பார்த்த கம்பெனி மூடியபோது எட்டு மாதம் சும்மா இருந்தார். அப்போதும் காய்ந்த ரொட்டிக்கு முன்னால் கண்ணை மூடி நன்றி சொன்னவர்தான். அந்த நாட்களில் அவர் குரல் நடுங்கும். பிறகு வேலை வந்தது, நடுக்கம் போனது, வார்த்தை மட்டும் தங்கிவிட்டது.

ஊரார் வீட்டு ஒழுகலை எல்லாம் அடைத்தவர் வீட்டில், சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இருந்த குழாய் மூன்று வருடமாக ஒழுகியது. கீழே ஒரு வாளி. "வர்ற ஞாயிறு பாத்துடலாம்" என்பார். ஞாயிறு வந்தால் சபை. சபை முடிந்தால் யாராவது ஒருவர் வீட்டில் அடைப்பு.

அவர் மனைவி தையல்காரி. இடது கைக்காரி. இடது கைக்கென்றே செய்த கனத்த கத்தரிக்கோல் ஒன்று வைத்திருந்தாள். சபையில் பாதிப் பேர் உடுத்தியிருந்தது அந்தக் கத்தரிக்கோல் வெட்டிய துணி.

ஒரு நாள் காலையில் வாளி நிரம்பித் தரையில் வழிந்தது. அவள் அதில் வழுக்கி, ஊன்றிய கையின் மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். டாக்டர் மாவுக்கட்டுப் போட்டார். "ஆறு வாரம் இருக்கட்டும். பழைய பிடி திரும்புமான்னு கட்டைப் பிரிச்சுப் பாத்தாத்தான் சொல்ல முடியும்" என்றார்.

அந்த ஞாயிறு, கர்த்தர் தங்களுக்குச் செய்ததைச் சபையார் எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் முதல் ஆளாக எழுந்தார் அவர்.

"வீட்டம்மா விழுந்துட்டாங்க. ஆனா கர்த்தர் நல்லவர். முறிஞ்சது இடது கைதான். வலது கையை அப்படியே காப்பாத்திக் குடுத்தார். ஸ்தோத்திரம்!"

சபை 'ஆமென்' சொல்லவில்லை. நாலாவது வரிசையில் யாரோ இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார்கள். போதகர் தன் அங்கியைக் குனிந்து பார்த்தார். அதையும் அவள்தான் தைத்திருந்தாள். எழுந்து நின்றவருக்கு எங்கே தவறினோம் என்று புரியச் சில விநாடிகள் பிடித்தன. அவள் இடது கைக்காரி என்பது இருபத்திரண்டு வருடக் கல்யாணத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. வாய் ஜோடியைத் தேடி ஓடியபோது ஞாபகம் பின்தங்கிவிட்டது.

வீடு வரும் வழியில் அவள் ஒரே ஒரு தடவை பேசினாள். "கழுத்து முறியலியேன்னும் சொல்லியிருக்கலாம்ங்க. விட்டுட்டீங்களே."

அன்று பாத்திரம் துலக்கும் முறை அவருக்கு வந்தது. இரண்டு தட்டு கழுவுவதற்குள் பாதம் நனைந்தது. வாளியை இழுத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

"என்னம்மா இது, இந்தக் கனம் கனக்குது?" என்று மகளிடம் கேட்டார்.

"அம்மா தினம் மூணு தடவை தூக்கிக் கொட்டுவாங்கப்பா. உங்களுக்குத் தெரியாதா?"

பையைத் திறந்து ஸ்பேனரை எடுத்துத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். தேய்ந்துபோன ஒரு வாஷர். மாற்றப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பழக்க தோஷத்தில் வாய் திறந்தது. எதற்கென்று நன்றி சொல்வது? ஜோடி ஒன்றும் கிடைக்கவில்லை. "மன்னிச்சிடும் ஆண்டவரே" என்று மட்டும் வந்தது. அதைக் கேட்க வேண்டியவள் பக்கத்து அறையில் இருந்தாள் என்பது கொஞ்சம் தாமதமாக உறைத்தது. எழுந்து போய் அவளிடமும் சொன்னார்.

"ம்" என்றாள் அவள்.

அதற்கு அடுத்த ஐந்து ஞாயிறும் சாட்சி நேரத்தில் அவர் எழவில்லை. போதகர் ஒவ்வொரு வாரமும் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, ஆராதனை சீக்கிரம் முடிவதை எண்ணித் தனக்குள் நன்றி சொல்லியிருக்கலாம்.

ஆறாவது வாரம் கட்டைப் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் ஒரு பழைய தலையணை உறையை மேசையில் விரித்துக் கத்தரிக்கோலை எடுத்தாள். விரல்கள் வளையத்துக்குள் நுழையவே நேரம் எடுத்தது. அவர் பார்க்கத் தைரியமில்லாமல் சமையலறை வாசலில் முதுகைக் காட்டி நின்றார். இரும்பு ஒன்றோடொன்று உரசுவது கேட்டது. பிறகு துணி பிரியும் சத்தம்.

"கோணலாத்தான் போகுது. ஆனா வெட்டுதுங்க."

"ஸ்தோத்திரம்" என்றார். குரல் நடுங்கியது, அந்த எட்டு மாதத்தில் நடுங்கியதைப் போல.

"எதுக்கு? வலது கைக்கா?"

"இல்லம்மா. இந்தக் கைக்கேதான்."

அவள் சிரித்துவிட்டு அடுத்த வெட்டை வெட்டினாள். அது முதலாவதைவிடக் கோணலாகப் போனது. உள்ளேயிருந்து மகள் கத்தினாள்: "அப்பா, பாத்ரூம் குழாயும் ஒழுகுது!"

அவர் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனார்.