தட்டுகிற லாரி

பெட்ரோல் பங்கில் நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெட்ரோல் ஊற்றுவது சுலபம், இந்த வண்டிக்கு இதுதான் என்று வண்டிக்காரருக்குப் புரியவைப்பதற்குள் உயிர் போய்விடும்.

படா நம்பர்

எங்கள் பாட்டன்மார் கரும்பு வெட்ட வந்த தீவு இது. இங்கே எங்கள் தவுவா ஊர் பங்கில் இரண்டு பம்பு. ஒன்றில் ஆக்டேன் எண் கூடுதல், மற்றதில் குறைவு. ஊர் வைத்த பெயர் படா நம்பர், சோட்டா நம்பர். மலைக்குப் போகிற வண்டிக்குப் படா நம்பர்தான் என்பது இங்கே எல்லோருடைய முடிவு. உயரம் கூடினால் நம்பரும் கூட வேண்டுமாம்.

என் தங்கை வள்ளியின் புருஷன் முருகையா பழைய பெட்ரோல் லாரி ஒன்றில் நந்தரிவாத்து மலையிலிருந்து மரம் இறக்குகிறவர். மேலே காற்று லேசு, எஞ்சினுக்குள் அழுத்தம் குறைவு, சோட்டா நம்பரே தாராளம் என்று பத்துப் பேர் நடுவில் அவரிடம் சொல்லிவிட்டேன். முகம் கறுத்துவிட்டது.

"மச்சான், கீழ சுத்துற டாக்ஸிக்காரனுக்குச் சொல்லு அதை. நான் மலை ஏறுறவன்."

ஸ்டாக் இல்லை

பிறகு எங்கள் ஆட்கள் இருந்த அரசாங்கத்தைக் கவிழ்த்துச் சிப்பாய்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். மலை ரோடு பிரிகிற இடத்தில் துப்பாக்கியோடு நின்று வண்டிகளைச் சோதித்தார்கள். சரக்கு வருவதும் தடுமாறியது. படா நம்பர் பம்பில் நான் சாக்கைச் சுற்றிக் கட்டிவிட்டேன்.

வேறு வழியில்லாமல் முருகையா சோட்டா நம்பர் போட்டுக்கொண்டு போனார். லாரி முனகாமல் ஏறியிருக்கிறது. சொன்னேனே என்று எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்? அவர் முகத்தில் மட்டும் சந்தோஷமே இல்லை.

"வண்டி ஏறுது மச்சான். அந்தத் துப்பாக்கியத் தாண்டிப் போறதுக்குத்தான் எனக்குப் பயமா இருக்கு."

பாதி யோசனை

இங்கேதான் நான் தப்பு செய்தேன். மலைக்குச் சோட்டா போதும் என்றவன், கீழே வெயிலில் முழு லோடோடு கடலோர ரோட்டில் ஓடினால் அதே பெட்ரோலில் எஞ்சின் உள்ளே டக்டக்கென்று தட்டும் என்று சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

ஒரு நாள் உச்சிவேளை. கடலோர ரோட்டில் ரக்கிரக்கிக்கு மரம் ஏற்றிப் போனவர் பாதியில் திரும்பி வந்து, வாசலில் லாரியை நிறுத்திவிட்டு, "வள்ளி, தட்டுது! தட்டுது!" என்று கத்தியிருக்கிறார். அந்த வாரம்தான் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் ஒரு கும்பல் கதவைத் தட்டி உள்ளே புகுந்து அடித்துப்போட்டுப் போயிருந்தார்கள். வள்ளி அதையே நினைத்துவிட்டாள். இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகக் கரும்புக்குள் ஓடிவிட்டாள்.

முருகையா ஆளனுப்பி என்னை வரவழைத்தார். இரண்டு பேரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தேடினோம். பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையெல்லாம் கரும்புச் சோகை கிழித்த ரத்தம். எஞ்சின்தானம்மா தட்டியது, தப்பு என்னுடையது என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"எதுவா இருந்தா என்ன அண்ணே? தட்டுதுன்னு கேட்டா ஓடற ஊர்ல இனிமே நான் இருக்க மாட்டேன்."

டேங்க்

ஆக்லாந்துக்கு விசா வந்தது. நான் தடுத்துப் பார்த்தேன். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை, அவள் போனால் எனக்கென்று இங்கே யாருமில்லை. ஆனால் கரும்புக்குள் அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் எந்த வாயால் இரு என்று சொல்வேன்?

புறப்படுகிற காலையில் லாரியிலேயே பெட்டிகளோடு பங்குக்கு வந்தார்கள். நாந்தி வரை போய், லாரியை வாங்கியவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுவதாக ஏற்பாடு. எந்த நம்பர் என்று முருகையா கேட்கவில்லை. சரக்கு மறுபடி வந்திருந்தது, நானே படா நம்பரை எடுத்தேன். வழியில் தட்டக்கூடாது. அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை பாட்டுக்கு ஊற்றிக்கொண்டே போனது. வள்ளி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தோளைத் தொட்டாள்.

"போதும் அண்ணே. போறதுக்கு மட்டும் ஊத்து."

எந்த வண்டிக்கு எது என்று இப்போதெல்லாம் யார் வந்தாலும் மலைக்கும் கடலோரத்துக்கும் சேர்த்து முழுசாகச் சொல்கிறேன், அவர்கள்தான் ஏர்போர்ட் போக எவ்வளவு பெட்ரோல் ஆகும் என்பதைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை.