போடி அடிவாரத்து வீடும் பதினொரு பக்க ரிப்போர்ட்டும்

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என் குணம் தெரியும். பஸ் எத்தனை மணிக்கு, டிக்கெட் எவ்வளவு, கழிப்பறையில் தண்ணீர் வருமா என்று எழுதுகிற ஆள் நான். மதுரையில் ஒரு பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருடம் வண்டிகளைச் சோதித்து வெளியே அனுப்பும் வேலை பார்த்தேன். பிரேக்கில் சின்னக் குறை இருந்தாலும் வண்டி கேட்டைத் தாண்டாது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி என்னை விட்டுப் போகவில்லை.

பழைய கிராமத்து வீட்டை வாங்கும் முன் இன்ஜினியரை வைத்து எப்படிச் சோதிப்பது என்று உங்களில் நான்கைந்து பேர் கேட்டிருந்தீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். அதை எழுதினால் சரசுவைப் பற்றியும் எழுத வேண்டும். சரசு என் மனைவி. போன பங்குனியில் இறந்துபோனாள்.

அவளுக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷனுக்குப் பிறகு உயிர் தங்கியது, தூக்கம் தங்கவில்லை. மூன்றாவது மாடியில் எங்கள் வீடு, மேலே மொட்டை மாடி. பகல் முழுக்கக் காய்ந்த தளம் ராத்திரி முழுக்க அனலைக் கக்கும். ஏ.சி. போட்டால் அவளுக்கு உடம்பு விறைத்துக்கொள்ளும். இந்த நிலையில்தான் போன வருடம் வைகாசியில் போடிநாயக்கனூரில் ஒரு உறவுக்காரக் கல்யாணத்துக்குப் போனோம். சாப்பிட்டுவிட்டு மண்டபத்தின் பின்னறையில் ஒரு ஜமுக்காளத்தில் சாய்ந்தவள், இரண்டு மணிக்குக் கண்ணை மூடி ஐந்து மணிக்குத்தான் எழுந்தாள். மேற்கே மலையிலிருந்து இறங்குகிற காற்று ஜன்னல் வழியே நேராக அவள் மேல் வந்துகொண்டிருந்தது.

"இங்கிட்டு ஒரு வீடு பாருங்க. எனக்கு இங்க தூக்கம் வருது" என்றாள்.

முப்பத்துநான்கு வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டவை ரொம்பக் கொஞ்சம். டாக்டரும், "அவங்களுக்கு எங்க சௌகரியமோ அங்க வச்சுக்கங்க" என்றார். எவ்வளவு நாளுக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே என்று பயம். நானாகப் பத்து வருடம் என்று வைத்துக்கொண்டேன்.

ராசிங்காபுரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு வீடு விலைக்கு வந்தது. ஐந்து சென்ட், பதினான்கு லட்சம். ஆனி மாதம் சோதனைக்கு நாள் குறித்தோம். மதுரையில் காலை 8.20 ரயில், போடியில் 10.30க்கு இறங்கினோம். டிக்கெட் ஆளுக்கு 45 ரூபாய். ஆண்டிபட்டி தாண்டியதும் இடது பக்கம் உட்காருங்கள், வெயில் குறைவு. ஸ்டேஷனிலிருந்து அந்த வீடு 12 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் ராசிங்காபுரத்தில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். சரசுவால் முடியாது என்பதால் ஆட்டோ பிடித்தோம், 350 ரூபாய்.

நான் இன்ஜினியருக்குப் போன் பேசுவதைக் கேட்டுவிட்டு ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "வீடு வாங்க இன்ஜினியராண்ணே? இங்கிட்டெல்லாம் பல்லி சொல்றதக் கேட்டுத்தேன் வாங்குவாய்ங்க."

"இவரு அந்தப் பல்லிக்கும் எஃப்.சி. பாப்பாரு தம்பி" என்றாள் சரசு. ஆட்டோக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு பள்ளத்தில் இறக்கிவிட்டார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், ஆனாலும் சிரித்தாள்.

வீட்டுக்காரர் பெயர் பாண்டி. சின்ன அளவில் ஏலக்காய் வியாபாரம் செய்தவர், இப்போது மகனோடு தேனியில் இருக்கிறார். வீடு பார்க்க லட்சணமாக இருந்தது. கருங்கல் அஸ்திவாரம், செங்கல் சுவர், கீழே இரண்டு அறை, ஓடு வேய்ந்த சமையல்கட்டு, மாடியில் ஒரே ஒரு அறை. புதிதாக இளமஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள். விற்கிற வீட்டில் புதுப் பெயின்ட் வாசனை வந்தால் எனக்கு மூக்கு விடைக்கும். விற்க வந்த பஸ்ஸையும் இப்படித்தான் கழுவி நிறுத்துவார்கள்.

இன்ஜினியர் மீனா தேனியிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். முப்பது வயது இருக்கும். கட்டணம் 8,500, பெட்ரோலுக்கு 500. காலை 11.15க்குத் தொடங்கி மதியம் 3.40க்கு முடித்தார். சின்னச் சுத்தியலால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். சத்தம் மாறுகிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டார். தூக்குக்குண்டு கட்டி மூலைகளைப் பார்த்தார். சமையல்கட்டில் ஒரு விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டி, "விரிசல் இன்னும் ஓடுதுன்னா இது ஒடைஞ்சிடும் சார், ஒரு வாரம் கழிச்சு வந்து பாத்துக்கறேன்" என்றார். மழைக்கு மலைத்தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று வெளியே ஒரு சுற்று நடந்தார். வேலை எனக்குப் பிடித்திருந்தது. என்னிடம் டிப்போவில் இருந்திருந்தால் நல்ல பெயர் வாங்கியிருப்பார்.

மேற்கு அறையின் ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. சரசு அதில் உட்கார்ந்தாள். நாங்கள் மாடி ஏறும்போது தூங்கியிருந்தாள்.

மாடி அறைக்குள் பட்டப்பகலில் டார்ச் அடிக்க வேண்டியிருந்தது. ஜன்னல் இரண்டையும் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன்.

"ஏலக்கா மூடை போட்டு வச்சிருந்தேன்ணே. வெளிச்சமும் காத்தும் பட்டா பச்ச வெளுத்துரும். வெளுத்தா வெல கெடையாதுல்ல" என்றார் பாண்டி. விலை ஏறட்டும் என்று ஒவ்வொரு வருடமும் மூட்டைகளை அங்கே அடுக்கியிருக்கிறார். மேலே ஓரிடத்தில் மழைநீர் கசிந்திருக்கிறது. கசிந்த ஈரம் வெளியே போக வழியில்லை. கரையான் தரையின் அடிவழியாக வந்திருக்கிறது. நிறம் போகாமல் இருக்கச் செய்த காரியம் மரத்தைத் தின்றுவிட்டது.

கீழே வந்து, மாடி அறையின் தரையைத் தாங்கி மேற்கு அறையின் மேலே ஓடுகிற தேக்கு உத்திரத்தில் மீனா ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போனது.

"சத்தியமாத் தெரியாதும்மா. இதுக்கு அடியிலதேன் எம்பிள்ளைகளப் படுக்க வச்சேன்" என்றார் பாண்டி. பொய் சொல்பவர் முகம் அப்படி இருக்காது.

மீனா வாயால் எதுவும் சொல்ல மறுத்துவிட்டார், எழுதித் தருகிறேன் என்றார். மாலை 5.50 ரயிலில் திரும்பினோம். சரசு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தாள்.

"மாடிக்கா போகப் போறோம்? நான் கீழதான படுப்பேன்?" என்றாள்.

"மேல இருக்கறது கீழதான் விழும்" என்றேன்.

இதை எழுதும்போது எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.

ஒன்பது நாளில் ரிப்போர்ட் கூரியரில் வந்தது. போட்டோக்களோடு பதினொரு பக்கம். ஆறாவது பக்கத்தின் கடைசியில், "தற்போதைய நிலையில் குடியிருப்புக்கு ஏற்றதல்ல" என்று இருந்தது. டிப்போவில் இப்படி ஒரு வரி வந்துவிட்டால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அடுத்த வண்டியைப் பார்ப்போம். அதையே செய்தேன். பாண்டிக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன். அவர் கோபப்படவில்லை. "அந்தப் பேப்பர ஒரு காப்பி குடுங்கண்ணே" என்று மட்டும் கேட்டார், அனுப்பி வைத்தேன்.

இரண்டு நாள் கழித்துச் சரசு கேட்டாள். "பூராப் படிச்சீங்களா?"

"படிக்க வேண்டியதப் படிச்சாச்சு."

அதன் பிறகு சிலமலையில் ஒரு வீடு, தேவாரத்தில் இரண்டு வீடு பார்த்தோம். ஒன்றில் பங்காளிச் சண்டை. ஒன்றில் கிணறு சுவரை ஒட்டி இருந்தது. ஒன்று எல்லாம் சரியாக இருந்தும், பின்பக்கம் தோட்டத்துக்கு யானை வரும் என்று சொன்னார்கள். ஒவ்வொன்றையும் நானே ஓரங்கட்டினேன். கார்த்திகைக்குப் பிறகு அவளால் பயணம் செய்ய முடியவில்லை. கடைசி மூன்று மாதம் மதுரையில் அந்த மூன்றாவது மாடியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தாள். நான் விசிறினேன். ஆனியிலிருந்து பங்குனி வரை ஒன்பது மாதம். நான் கணக்கு வைத்திருந்த பத்து வருடம் அவ்வளவுதான்.

இந்த ஐப்பசியில் மறுபடி அங்கே போனேன். காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் பத்து நாளாக விடாத மழை. அந்த வீடு இடிந்திருக்கும் என்று நினைத்தேன். இடிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மண்ணும் ஓடுமாகக் கிடப்பதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால், நான் செய்தது சரி என்று ஆகிவிடும். அதற்காக 45 ரூபாய் கொடுத்து டிக்கெட் எடுத்தேன்.

இம்முறை போடியிலிருந்து பஸ், 15 ரூபாய். ராசிங்காபுரத்தில் இறங்கிக் குடையோடு நடந்தேன், சேற்றில் முப்பத்தைந்து நிமிடம் ஆனது. வீடு நின்றுகொண்டிருந்தது. மாடியில் ஜன்னல் இரண்டும் திறந்திருந்தன, ஒன்றின் உள்பக்கம் ஈரச்சேலை தொங்கிக்கொண்டிருந்தது.

வாசலில் நின்ற என்னைப் பார்த்து ஒரு பெண் உள்ளே கூப்பிட்டார். மாரியம்மா, அவர் கணவர் செல்லத்துரை. போடிமெட்டு தாண்டி ஓர் ஏலத்தோட்டத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டு இறங்கி வந்தவர்கள். போன வருடம் ஆவணியில் வாங்கியிருக்கிறார்கள். மாரியம்மா பால் சேர்க்காத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார்.

"உத்திரம் உளுத்திருந்துச்சே, தெரியாதா?" என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்திருக்கும்.

"தெரியுமே. அதேன் பேப்பர்ல எல்லாம் இருக்கே" என்று செல்லத்துரை, காலண்டர் ஆணியில் தொங்கிய பிளாஸ்டிக் கவரை எடுத்தார். என் ரிப்போர்ட். பாண்டி அதைக் கையில் கொடுத்துத்தான் விற்றிருக்கிறார், இரண்டு லட்சம் குறைத்து.

ஒன்பதாவது பக்கத்தை விரித்துக் காட்டினார். 'செய்ய வேண்டிய வேலைகள், வரிசைப்படி' என்று தலைப்பு. மொத்தம் பதினாறு வேலை, அதில் பன்னிரண்டு வேலைக்குப் பக்கத்தில் பேனாவால் டிக் அடித்திருந்தது. முதல் வேலை, மேற்கு அறை உத்திரத்துக்கு மூன்று இரும்பு முட்டு கொடுப்பது. அதற்குக் கீழே ஒரு வரி: 'முட்டு கொடுத்தபின் கீழ்த்தளத்தில் குடியிருக்கத் தடையில்லை. மாடி அறையை மட்டும் பயன்படுத்த வேண்டாம். உத்திரத்தை இரண்டு ஆண்டுக்குள் மாற்றவும்.'

நான் அந்தப் பக்கத்தை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"முட்டு குடுக்க எத்தனை நாள் ஆச்சு?"

"ஒரே நாளு சார். காலையில வந்தாய்ங்க, பொழுது சாயறதுக்குள்ள சோலி முடிஞ்சிருச்சு. ஆறாயிரத்தி எண்ணூறு ஆச்சு. மறுநாளே குடி வந்துட்டோம். மத்ததெல்லாம் கையில காசு வர வர கொறச்சு கொறச்சாச் செஞ்சோம்." கொஞ்சம் கொஞ்சமாக என்பதற்கு மலையாளம் கலந்து அப்படிச் சொன்னார். இந்தச் சித்திரையில் உத்திரத்தையும் மாற்றிவிட்டார்கள்.

அந்த ரிப்போர்ட்டை எடுத்தது நான்தான் என்றேன். செல்லத்துரை எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்கதேன் அந்த சாரா? உங்க புண்ணியத்துல நல்லாருக்கோம்." மழை விடுவதற்கு முன்பே கிளம்பிவிட்டேன்.

இனி நீங்கள் கேட்டது. பழைய வீடு வாங்கும் முன் சோதனை கட்டாயம் செய்யுங்கள், இவ்வளவு நடந்தபிறகும் அதைத்தான் சொல்வேன். புரோக்கர் கூட்டி வருகிற இன்ஜினியர் வேண்டாம், நீங்களே தேடுங்கள். ஏழாயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்குள் முடியும். பூச்சைச் சில இடங்களில் சுரண்டிப் பார்க்க வீட்டுக்காரரிடம் முதலிலேயே சம்மதம் வாங்கிவிடுங்கள். ஏலக்காய் ஊர்களில் மாடியில் மூட்டை அடுக்கிய அறை இருந்ததா, ஜன்னலை அடைத்திருந்தார்களா என்று கேளுங்கள். அடிவாரம் என்றால் ஒரு தடவை மழைநாளிலும் போய்ப் பாருங்கள். வெரசா முடிக்கச் சொல்லி இன்ஜினியரை நச்சரிக்காதீர்கள், நான்கு மணி நேரமாவது ஆகும். வில்லங்கச் சான்று தனி, அது வக்கீல் வேலை.

ரிப்போர்ட் வந்ததும் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். அது வண்டியை நிறுத்தி வைக்கிற சீட்டு இல்லை, அதில் பாதி வேலைப் பட்டியல்தான்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து பீரோவிலிருந்து என் பிரதியை எடுத்தேன். எனக்குத் தாளை மடக்குகிற பழக்கம் கிடையாது. ஒன்பதாவது பக்கத்தின் மேல்மூலை சின்னதாக மடக்கப்பட்டிருந்தது. சரசு முழுவதும் படித்திருக்கிறாள். படித்துவிட்டுத்தான் என்னிடம் கேட்டிருக்கிறாள்.

வீடு இருவருக்கு என்றால் ரிப்போர்ட்டையும் இருவரும் படியுங்கள். படித்துவிட்டு, உனக்கு என்ன தோன்றுகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை.