பூட்டிய தாடையும் சீன மூலிகையும்

கீழ்த்தாடை எலும்புக்குள் படுத்துக் கிடந்த ஞானப்பல்லை அறுத்து எடுத்த பிறகு என் வாய் பூட்டிக்கொண்டது. ஒரு விரலைக்கூட நுழைக்க முடியவில்லை. தாடைத் தசை இறுகியிருக்கிறது, சுடுநீர் ஒத்தடம் கொடுத்து மெல்லத் திறந்து பழகினால் சரியாகிவிடும் என்றார் பல் டாக்டர். வலிக்கு அவர் எழுதிக்கொடுத்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விழுங்கினால் தலை சுற்றியது, வாந்தி வந்தது. திறக்காத வாயோடு வாந்தியெடுப்பது எப்படியிருக்கும் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அப்போது மில்பிடாஸில் இருந்தோம். டாட்காம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம். சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் லேபில் எனக்கு வேலை. எப்போது லேஆஃப் வருமோ என்ற பயத்தில் லீவு போடாமல், ஸ்ட்ராவில் கஞ்சியை உறிஞ்சிக்கொண்டே வேலைக்குப் போனேன். பக்கத்து மேசையில் ஒரு தைவான்காரி இருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் அம்மா தோள்வலிக்குப் போகும் சீன வைத்தியரிடம் கூட்டிப்போகவா என்று கேட்டாள்.

வீட்டில் சொன்னேன். என் கணவர் மருந்து கம்பெனியில் ஆராய்ச்சி செய்பவர்.

“நான் ஒரு மருந்தை அப்ரூவ் பண்ண வைக்க வருஷக்கணக்கா லேப்ல கெடக்குறேன். நீ போய் வேர்த் தண்ணி குடிக்கப் போறியா?”

“உங்க மருந்தைத்தாங்க இப்போ வாந்தி எடுத்துட்டிருக்கேன்.”

“அப்போ டோஸை மாத்தித் தரச் சொல்லு. சயின்ஸ்னு ஒண்ணு இருக்குல்ல?”

பல் டாக்டருக்கு போன் செய்தேன். ஆனால் கேட்டது வேறு. தாடையில் அக்குபங்சர் ஊசி குத்திக்கொள்ளலாமா, மூலிகை குடிக்கலாமா என்று கேட்டேன். கூடவே எழுதிக்கொடுத்த ஆன்டிபயாட்டிக்கை மட்டும் நிறுத்தாதே, மற்றது உன் விருப்பம் என்றார். விருப்பம் என்ற சொல் எனக்குப் போதுமாக இருந்தது.

ஒரு நூடுல்ஸ் கடைக்கும் சலூனுக்கும் நடுவே இருந்தது அந்த வைத்தியரின் அறை. அவர் என் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, கண்ணை மூடி, வெகுநேரம் நாடி பார்த்தார். பிறகு நாக்கை நீட்டச் சொன்னார். நுனி மட்டும்தான் பல்லிடுக்கில் எட்டிப் பார்த்தது. அவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, வலித்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓர் ஊசி, காதுக்கு முன்னால் ஒன்று. குத்தியது தெரியவில்லை. பிறகுதான் உள்ளே கனமாக ஏதோ அசைவதுபோல் ஒரு வலி பரவியது.

இழுப்பறைகளிலிருந்து வேர், பட்டை, பூ என்று எடுத்துக் காகிதத்தில் கொட்டினார். நடுவே பழுப்பு நிறத்தில் காலும் கூடுமாக என்னவோ கிடந்தது. சில்வண்டு உரித்த தோல் என்றாள் என்னோடு வந்த தைவான் தோழி. தசை இறுக்கத்துக்கு அதைத்தான் போடுவார்களாம்.

“அது வேண்டாம். எங்க மார்க்கத்துல பூச்சி சாப்பிட மாட்டோம்” என்றேன். அவள் சீனத்தில் சொன்னாள். அவர் கோபிக்கவில்லை. ஒவ்வொரு தோலாகப் பொறுக்கியெடுத்துவிட்டு, வேறொரு வேரைப் போட்டுக் கட்டிக்கொடுத்தார்.

கஷாயம் கொதித்தால் வீடே நனைந்த மரம்போல நாறும். கணவர் முகம் சுளித்ததால், பின்பக்கத்துத் திறந்த முற்றத்தில், பேட்டியோவில், மின்சார அடுப்பு வைத்துக் காய்ச்சினேன்.

அந்த வாரம் ஓர் அங்கிள் வீட்டில் பெருநாள் விருந்து. எல்லோரும் பிரியாணி சாப்பிட, நான் ரசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். கணவர் சத்தமாகச் சொன்னார்.

“மேடம் இப்போ சைனீஸ் ட்ரீட்மென்ட்ல இருக்காங்க. பூச்சிக் கஷாயம்!”

அறை முழுக்கச் சிரிப்பு. அந்த வீட்டு ஆன்ட்டி என் தோளைத் தட்டினார். “ஏம்மா, இன்ஜினியரிங் படிச்ச பொண்ணு நீ. இதையெல்லாமா நம்புறே? ஹலாலான்னாவது கேட்டியா?”

பற்களுக்கு நடுவே வார்த்தைகளைத் துப்பினேன். “எனக்கு வாய்தான் தெறக்கல ஆன்ட்டி. புத்தி நல்லாத்தான் வேலை செய்யுது. பூச்சியை எடுக்கச் சொன்னதே நான்தான். டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன். இங்க இருக்கிற யார்கிட்டயும் கேக்கணும்னு எனக்குத் தோணல.”

சிரிப்பு நின்றது. யாரோ ரைத்தாவைக் கேட்டார்கள்.

கார் ஃப்ரீவேயில் ஏறியது. “எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசியிருக்க வேணாம்” என்றார் கணவர்.

“எல்லார் முன்னாடியும் ஆரம்பிச்சது நீங்க.”

மறுநாள் காலை அடுப்பைப் பேட்டியோவிலிருந்து எடுத்து கராஜில் போட்டேன். சமையலறையில், பெரிய பர்னரில் கஷாயத்தை ஏற்றினேன். நாற்றம் மாடிவரை போனது. அவர் இறங்கி வந்து ஜன்னலைத் திறந்தார்.

வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. முதலில் ஸ்பூன், பிறகு இட்லி, பிறகு வாய் பிளந்து ஒரு கொட்டாவி. அந்தக் கொட்டாவிக்கு லேபில் தோழி கை தட்டினாள். பல் டாக்டர் அளந்து பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார். மூலிகை இல்லாமலும் இது நடந்திருக்கும் என்றார்.

வீட்டில் சொன்னேன். மறைக்க எனக்கு என்ன இருக்கிறது?

“பாத்தியா, தானாவே சரியாயிருக்கும்” என்றார் கணவர்.

“ஆயிருக்கலாம். ஆனா அதுவரைக்கும் வலியில படுத்துக் கெடந்தது நான். எதைக் குடிக்கணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்.”

எது குணமாக்கியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நிரூபிக்கவும் நான் முயன்றதில்லை. ஒரு பொட்டலம் மிச்சமிருந்தது. தேவையே இல்லாமல் அதையும் காய்ச்சினேன். அவர் எதிரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்க, டம்ளரில் ஊற்றி, அந்தக் கசப்பை வாய் நிறைய வாங்கி நிதானமாகக் குடித்து முடித்தேன்.