பர்ஸோன்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ருக்குவுக்கு, கல்யாணமாகி டில்லிக்கு வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. அவளுடைய ஹிந்தி முழுவதும் வாசலுக்கு வந்து போகிறவர்கள் கொடுத்தது. காய்காரனிடமிருந்து கொஞ்சம், தோபியிடமிருந்து கொஞ்சம். ஹிந்தி எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அதை யாரிடமும் சொன்னதில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

பாத்திரம் தேய்க்க வரும் பாப்பம்மாள் அன்று இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். ருக்கு இருந்த குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் சாக்கடையோரக் குடிசைகளில் ஒன்று அவளுடையது.

"நாலு நாளாக் கதவுல ஒட்டிக் கெடக்குதும்மா. இடிக்கப் போறாங்கன்னு பேசிக்கிறாங்க. என்னான்னு படிச்சுச் சொல்லுங்க."

ருக்கு வாங்கிக் கண்ணை ஓட்டினாள். கொடியில் காயப்போட்ட துணி மாதிரி எழுத்துக்கள் வரிசையாகத் தொங்கின. "கண்ணாடி இல்லாம தெரியலைடி. நாளைக்குச் சொல்றேன்" என்றாள். அவளிடம் கண்ணாடியே கிடையாது.

சாயங்காலம் கணவர் ராமசுப்ரமணியனிடம் நீட்டினாள். எமர்ஜென்சி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆபீசில் அவர் வாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டிருந்தார்.

"வேலைக்காரி கடுதாசியெல்லாம் என் கையில குடுக்காதே" என்று, அதைத் தொடாமலே ஷூவைக் கழற்றினார்.

மறுநாள் காலை, கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் துணி அலசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு சர்தார்ணியிடம் காட்டினாள். கேட்கக் கூசி இரண்டு தரம் பாதி வழியில் திரும்பிய பிறகுதான் அதுவும். சர்தார்ணி நுரைக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

"ஜுக்கி தோட்னே கா நோட்டீஸ் ஹை, பெஹன்ஜி. பர்ஸோன் கா ஹை."

குடிசை இடிக்கிற நோட்டீஸ் என்பது புரிந்தது. பர்ஸோனும் புரிந்தது. துணி எங்கே என்று கேட்டால் தோபி சொல்வானே, "பர்ஸோன் தியா தா", முந்தாநாளே கொடுத்துவிட்டேன் என்று. ருக்குவுக்கு மனசு லேசாயிற்று.

"முந்தாநாளே கெடு முடிஞ்சுடுத்து, பாப்பம்மா. ஒருத்தனும் வரலையோன்னோ? இனிமே வரமாட்டா."

"நெசமாவா? நீங்களே படிச்சீங்களா?"

"படிச்சேன்."

பாப்பம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. "பக்கத்துக் குடிசை செங்கம்மா, பைத்தியக்காரி, மூட்டை கட்டிட்டு உக்காந்திருக்கா. போய் அவுக்கச் சொல்றேன்."

அதிலிருந்து இரண்டு நாள் கழித்து, காலையில் பாப்பம்மாள் சமையலறை துடைத்துக்கொண்டிருக்கும்போது பின்பக்கம் புல்டோசர் உறுமியது. ஈரக் கையோடு ஓடினாள். ஜன்னல் வழியாக ருக்குவுக்குப் புழுதி மட்டும்தான் தெரிந்தது. சுவருக்கு அப்பால் சர்தார்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "மைனே கஹா தா நா, பர்ஸோன்!" நான்தான் சொன்னேனே, பர்ஸோன் என்று.

முந்தாநாளுக்கும் நாளை மறுநாளுக்கும் அந்த பாஷையில் ஒரே வார்த்தை. எட்டு வருஷத்தில் அது ருக்குவுக்குத் தெரியாமல் போயிருந்தது.

அடுத்த நாளும் பாப்பம்மாள் வேலைக்கு வந்தாள். தலைமுடியெல்லாம் மண்.

"ரேஷன் கார்டு டிரங்குப் பெட்டியில இருந்துச்சும்மா. பெட்டி தகடாப் போச்சு. கார்டு இருந்தாத்தான் ஆத்துக்கு அந்தாண்ட மனை குடுப்பாங்களாம். செங்கம்மா கார்டும் போச்சு. நோட்டீஸ் ஒட்டின பாவிப்பய, எழுதினது ஒண்ணு, செஞ்சது ஒண்ணு."

ருக்கு அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கம் வந்தாள். பிறகு சொன்னாள்:

"அவன் சரியாத்தான் எழுதியிருக்கான். எனக்கு ஹிந்தி படிக்கத் தெரியாது, பாப்பம்மா. இன்னொருத்தி சொன்னதைத் தப்பா புரிஞ்சுண்டுட்டேன். தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்தது."

பாப்பம்மாள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்கும்தான் தெரியாது. நான் சொன்னேனேம்மா" என்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். "தெரியாதுன்னு நீங்க சொல்லியிருந்தா வேற வாசலுக்குப் போயிருப்பேனே."

இவளும் நம்மைப் போலத்தான், எழுத்துத் தெரியாதவள் என்று ருக்கு பலநாள் உள்ளுக்குள் பாப்பம்மாளோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரே குறைதான். ஆனால் ருக்குவுக்கு அது முகம் சிவப்பதோடு போய்விடும்; பாப்பம்மாளுக்கோ குடிசையே போயிற்று.

மிச்சமிருந்த இரண்டு பாத்திரங்களையும் பாப்பம்மாள் கழுவிக் கவிழ்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கொல்லைக் கதவு வரைக்கும் போனவள் நின்றாள்.

"கட்டின மூட்டையை நான்தானேம்மா அவுக்க வெச்சேன். செங்கம்மாகிட்ட என்னான்னு சொல்லுவேன்?"