ஆட்சேபனை உள்ளது

என் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். ரகரமும் றகரமும் இன்றுவரை என்னை ஏமாற்றுகின்றன. ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பதும் சரியாகத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நாவலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தோட்ட வேலை பார்க்கிறேன். பேச்சு தேவைப்படாத வேலை. யாராவது எதிரே வந்தால் செடிப் பக்கம் திரும்பிக்கொள்வேன். வீடு சதுரங்கப்பட்டினத்துக்கு மேற்கே, கொஞ்சம் உள்ளே தள்ளி. எங்களுக்கு ஒரே மகள்.

அவள் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாவது படித்தபோது நடந்தது இது. வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட். ஒன்றைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார். இன்னொன்றில் ஆண்பிள்ளைகள் கபடி ஆடுவார்கள், பெண்பிள்ளைகள் புங்க மரத்தடியில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டில் படம் வரைவார்கள். அந்த வருடம் புதிதாக வந்த பி.டி. சார், பெண்பிள்ளைகளையும் எழுப்பி மைதானத்தை நான்கு சுற்று ஓடச் சொன்னார். என் மகள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓடியிருக்கிறாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்கவில்லை.

"ப்பா, பசங்க ரெண்டு பேரு எனக்குப் பின்னாடிதான் வந்தானுங்க. சாரு வாட்ச்ச பாத்துட்டு திரும்பி ஓடச் சொன்னாரு."

கடற்கரையின் ஈர மணலில் ஓடிப் பழகு என்று சார் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். அவள் ஓடுவாள், நான் துப்பட்டாவையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்துக்கொண்டு நிற்பேன். படகு இழுப்பவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

"இன்னா அண்ணாத்த, பொண்ண போலீசுல சேக்கப் போறியா?"

"நீயும் கூட ஓடேன், தொப்ப கொறையும்!"

எனக்குச் சிரிக்க மட்டும்தான் வரும். மகள் திரும்பிப் பார்த்துக் கத்துவாள். "நீங்க வாங்க மாமா, பந்தயம் வச்சிக்கலாம்!" அவர்கள் கயிற்றை விட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

பள்ளியில் யாரும் சொல்லாமலே என் மனைவி தினமும் அவளுக்கு இரண்டு முட்டை அவித்து வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி, "பொட்டப் புள்ளைய இன்னாத்துக்கு இப்டி ஓட வுடுற?" என்று கேட்டதற்கு, "ஓடத் தெரிஞ்சவ ஓடுறா, உனுக்கு இன்னா?" என்றாள்.

வருடக் கடைசியில் செங்கல்பட்டில் விளையாட்டு விடுதிக்குத் தேர்வு வைத்தார்கள். எடுபட்டால் தங்க இடம், சாப்பாடு, தினமும் பயிற்சி, படிப்பும் அங்கேயே. சார் எங்கள் பள்ளியில் நான்கு பேரைப் பொறுக்கினார். மகள் ஒரு தாளைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்து, "கையெழுத்து போட்டு வைப்பா, காலைல குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு டியூஷனுக்கு ஓடினாள். மனைவி கடைக்குப் போயிருந்தாள்.

யார் முன்னாலும் எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு வெட்கம். தனியாக இருந்தது வசதியாகப் போயிற்று. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அவள் பெயர், வகுப்பு எல்லாம் புரிந்தது. கடைசி வரி இப்படி இருந்தது: 'மேற்படி மாணவியை அனுப்புவதில் எனக்கு ஆட்சேபனை உள்ளது / இல்லை. பொருந்தாததை அடிக்கவும்.'

ஆட்சேபனை என்ற சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. சம்மதத்தைத்தான் சர்க்கார் தாளில் அப்படி எழுதுவார்கள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால்கூட 'இல்லை' என்று சொல்லமாட்டோம், 'நெறைஞ்சிடுச்சி' என்போம். நல்ல காரியத்துக்குப் போகிற தாளில் அந்தச் சொல் கிடப்பதே எனக்குப் பிடிக்கவில்லை. மகளின் ஸ்கேலை எடுத்து, எழுத்தே தெரியாதபடி 'இல்லை'யை இரண்டு முறை அடித்தேன். கீழே என் பெயரை எழுதி, தாளை மடித்து அவள் பையில் வைத்தேன். அன்று எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

தேர்வு நாளன்று முட்டையைச் சாப்பிட்டுவிட்டு அவள் பேருந்து நிறுத்தத்துக்குப் போனாள். நான் வேலைக்குப் போய்விட்டேன். சார் மற்ற மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, இவளிடம், "உங்கப்பா வேணாம்னு எழுதிட்டாரும்மா, நான் இன்னா பண்ண முடியும்?" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ராத்திரி நான் வீட்டுக்கு வந்தபோது அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மனைவிதான் விஷயத்தைச் சொன்னாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் லீவு போட்டுப் பள்ளிக்குப் போனேன். வராந்தாவில் பெற்றோர்கள் சிலர் எதற்கோ காத்திருந்தார்கள். சார் ஒரு ஃபைலைப் பிரித்து என் தாளைக் காட்டினார்.

"நீங்கதானே போட்டுக்கீறீங்க? ஆட்சேபனை உள்ளதுன்னு. ஆட்சேபனைன்னா மறுப்பு. ரெண்டு தபா அடிச்சி வேற வச்சிக்கீறீங்க, அவ்ளோ கோவமா?"

சார் ஃபைலை மூடினார்.

"பொண்ணுங்கள அனுப்பச் சொன்னா அப்பனுங்க இப்டித்தான் பண்றாங்க. சண்ட போட்டுப் போட்டு எனக்கே வெறுத்துப் போச்சி" என்றார். அவர் மேல் குற்றமில்லை. என்னைக் கூப்பிட்டு ஏன் கேட்கவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். என்னைப் போன்ற அப்பன் மறுப்பது யாருக்குமே ஆச்சரியமாக இல்லை.

"இப்ப சொல்லுங்க, இன்னாதான் காரணம்?"

படிக்கத் தெரியாமல் அடித்துவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரிதான். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். வகுப்பு வாசலில் மகள் வந்து நின்றதை அப்போது நான் கவனிக்கவில்லை.

"வூட்ல அவங்கம்மா பயந்துகினு கீது சார்" என்றேன்.

அன்று சாயங்காலம் மகள் அவள் அம்மாவைக் கேட்டாள். "நீதான் வேணாம்னியா? முட்ட அவிச்சிக் குடுத்துகினே இந்த வேலய பண்ணியா?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். நான் எப்படிப் படிப்பேன் என்பது அவளுக்குத் தெரியும். "ஆமா, நான்தான். பயமா இருந்திச்சி" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அதோடு மகள் ஓடுவதை நிறுத்திவிட்டாள். பத்தாவதில் இரண்டு பி.டி. பீரியடும் கணக்குக்குப் போய்விட்டது, சாருக்கும் மாற்றல் வந்துவிட்டது. அவருடன் செங்கல்பட்டுக்குப் போன மூவரில் ஒரு பெண் எடுபட்டாள். என் மகளைவிட அவள் மெதுவாகத்தான் ஓடுவாள் என்று மற்ற பிள்ளைகள் சொல்லக் கேட்டேன். மகள் அம்மாவிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். என்னிடம் முன்பைவிடப் பிரியமாக இருந்தாள். நான் செக்யூரிட்டி அறையில் கிடக்கும் பேப்பரைத் தினமும் எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். தெரியாத சொல்லைக் கையில் எழுதி வைத்து, யாரையாவது கேட்பேன். மூன்று வருடத்தில் ஓரளவு படிக்க வந்துவிட்டது. எதற்கு என்றுதான் தெரியவில்லை.

பிளஸ் டூ முடித்ததும் மகளுக்குச் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் டேட்டா என்ட்ரி வேலை கிடைத்தது. ராத்திரி ஷிப்டும் மாறி மாறி வரும் என்பதால் வீட்டில் ஒருவர் கையெழுத்தும் கேட்டிருந்தார்கள். போன வாரம் அந்தத் தாளோடு வந்தாள். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மனைவி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீ ஒண்ணும் பாக்க வேணாம். திருப்பி உனுக்கு பயம் வந்துரும். எங்கப்பா போடட்டும்" என்றாள் மகள்.

மனைவி மறுபடி பாத்திரத்தின் முன் உட்கார்ந்தாள். மகள் என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக் காட்டினாள். "இங்க ஆட்சேபனை இல்லைன்னு கீதுப்பா. அதுக்குக் கீழ போடு." எனக்குப் படிக்க வரும் என்று நான் சொல்லவில்லை. அவள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மனைவி திரும்பிப் பார்க்கவே இல்லை.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: 'இல்லை'யை அடித்தவன் நான். அவள் அம்மா அந்தத் தாளைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. இதை மகளிடம் கொடுக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்த பிறகும் கை நீளவில்லை. அடுத்த அறையில் அவள் வேலைக்குப் போகத் துணியை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். கூப்பிட்டால் வந்துவிடுவாள்.

2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை.