இரண்டும் பதினெட்டு அடி

எங்கள் கடலூர் வீட்டின் ஹாலில், இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் ஓர் ஒயர் இன்னும் இருக்கிறது. ஆம்ப்ளிபயரிலிருந்து அந்த ஸ்பீக்கருக்கு நாலு அடி போதும். இருப்பதோ பதினெட்டு அடி. மிச்சத்தைச் சுருட்டி வைக்கக் கூடாது என்று, என் வீட்டுக்காரர் அதைச் சுவரோரமாக மேலும் கீழும் மடித்து மடித்து ஆணி அடித்துவிட்டார். பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் அதில் மாட்டும். மாட்டும்போதெல்லாம் ஒயரைத் திட்டுவேன். மனிதரைத் திட்டியும் பார்த்திருக்கிறேன். ஒயரைப் போலவே அவரும் பதில் பேசமாட்டார்.

அதை 2006ஆம் வருடம் சிதம்பரத்தில் வாங்கினோம். என் அக்கா வீட்டுக்குப் போன இடத்தில், தெற்கு வீதிப் பக்கம் ஒரு கடையில் ஏறினார். கிளம்புவதற்கு முன்பே ஹாலில் சணல் கயிற்றைப் போட்டு, கதவு நிலையைச் சுற்றி அளந்து, முடிச்சுப் போட்டுப் பையில் வைத்திருந்தார். என் கல்யாண ரவிக்கைக்குக்கூட யாரும் அத்தனை அக்கறையாக அளவெடுக்கவில்லை. பிளக் பாயிண்ட் இடது மூலையில் இருந்ததால் இடது ஸ்பீக்கருக்கு நாலு அடி, வலதுக்குப் பதினெட்டு. கடைக்காரர் அப்படியே வெட்டப் போனார்.

“ரெண்டும் ஒரே நீளம் இருக்கணும். ரெண்டையும் பதினெட்டா வெட்டுங்க” என்றார் இவர்.

“எதுக்கு சார்? பதினாலடி சும்மா கெடக்குமே.”

“கெடக்கட்டும். ஒரு பக்கம் ஜாஸ்தி, ஒரு பக்கம் கம்மின்னா பாட்டு நடுவுல நிக்காது.”

அந்த வித்தியாசம் எந்தக் காதுக்கும் தெரியாது என்று பிறகொரு மெக்கானிக் சொன்னார். அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. என் ஆசையை மெல்லச் சொன்னேன்.

“அப்ப முப்பதடியா வாங்கிக்குங்களேன். ஒரு ஸ்பீக்கரு சமையக்கட்டுக்கு வரட்டும்.”

“பாட்ட ரெண்டாப் பொளந்து ஆளுக்குப் பாதி வச்சிக்கிறதா? உனக்கு வயலினு, எனக்கு தபேலாவா?”

கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் ஒரு நாற்காலி. அதன் நான்கு கால்களுக்கும் தரையில் பெயிண்டால் புள்ளி வைத்திருந்தார். செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் நாளெல்லாம் இரையும் கம்ப்ரசரை ஓட்டும் வேலை அவருக்கு. ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, அதில் கண்ணை மூடி உட்கார்ந்தால் பிறகு நான் அந்த வீட்டில் இல்லை. ஒருநாள் நானும் ஒரு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். உடனே எழுந்துவிட்டார்.

“நீ உக்காந்து கேளு. நான் அப்பறம் கேட்டுக்கறேன்.”

“ரெண்டு பேரும் கேப்பமே.”

“நடுவுல ஒருத்தர்தான் உக்கார முடியும்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். பிள்ளைகள் இல்லாத வீடு அது. பேசுவதற்கு இருந்ததே இரண்டு பேர். ஒயருக்கும் நாற்காலிக்கும் அளந்து இடம் வைத்தவர் எனக்கு வைக்கவில்லை என்று அன்றைக்கு மனசுக்குள் முடிவு கட்டினேன். ஐந்து வருடம் அப்படியே ஓடியது.

2011இல் ஒரு பகல் ஷிப்ட் முடிந்து வந்தவர் கையில் புது ஒயர். வலது ஸ்பீக்கரைத் தூக்கிச் சமையலறை அலமாரிமேல் வைத்தார். பழைய ஒயரோடு புதியதை முறுக்கி டேப் சுற்றினார். இடது பக்கத்தைத் தொடவேயில்லை.

“ரெண்டும் ஒரே நீளம் இருக்க வேணாமா?” என்றேன்.

“அது கெடக்குது வுடு. நீதான கேட்ட.”

நான் கேட்டதை இத்தனை வருடம் ஞாபகம் வைத்திருக்கிறாரே! அக்காவுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து நிஜமாகவே வயலின் எனக்கு, தபேலா அவருக்கு. வயலினைக் கேட்டபடி ரசம் வைத்தேன். அந்த மாதங்களைப் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

சில மாதம் கழித்து அக்கா வீட்டு விசேஷத்துக்குப் பஸ்ஸில் போனோம். டிரைவர் பக்கத்து மூன்று பேர் சீட்டில், என் வீட்டுக்காரருக்கு வலது பக்கம் ஜன்னலோரம் நான். செம்மங்குப்பம் தாண்டியதும் பேச ஆரம்பித்தேன். வெட்கத்தில் வெளியே பார்த்துக்கொண்டேதான் பேசினேன். இந்த வீட்டில் இத்தனை வருடம் தனியாக இருந்ததாக நினைத்தது, உள்ளுக்குள் அவர்மேல் கோபம் வளர்த்தது, ஸ்பீக்கர் வந்த அன்று அதெல்லாம் விட்டுப் போனது, எல்லாவற்றையும் சொன்னேன். புதுச்சத்திரம் போயிற்று. வெள்ளாற்றுப் பாலத்தில், “நான் நெனச்சது தப்புதான?” என்று கேட்டுத் திரும்பினேன். அவர் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிதம்பரத்தில் இறங்கியதும் அழுதுவிட்டேன். பதறிப்போனார்.

“என்னா ஆச்சி? பஸ்ஸு ஒத்துக்கலயா?”

“அவ்ளோ நேரம் பேசினனே, ஒரு வார்த்த சொன்னீங்களா?”

வலது காதைத் தொட்டுக் காட்டினார். “இந்தப் பக்கம் கேக்காது. ஒரு வருஷமாவே.”

வீட்டில் பேச்சு குறைவு. அதனால் எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

“அதனாலதான் ஸ்பீக்கர எனக்குக் குடுத்தீங்களா?”

பொய் சொல்லத் தெரியாத மனிதர். “எனக்கு ஆவாத பக்கம். உனக்காவது ஆவட்டுமேன்னுதான்” என்றார்.

ஒரு காது போன பிறகும் எத்தனை நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பாதிப் பாட்டோடு மல்லுக்கட்டியிருப்பார்! அதை யாரிடமும் சொல்லாமல், அவரும் அங்கே தனியாகத்தான் இருந்திருக்கிறார். கடைசியில் தனக்குப் போனதை வீணாக்காமல் என்னிடம் கொண்டுவந்து வைத்திருக்கிறார். இன்று ஆளில்லாத வீட்டில் இது எனக்கு நன்றாகப் புரிகிறது. அன்று, நான் ஏமாந்துபோனது மட்டும்தான் புரிந்தது.

திரும்பும்போது என்னைத் தன் இடது பக்கம் உட்கார வைத்தார். பஸ் கிளம்பியதும் என் பக்கம் சாய்ந்தார்.

“வரும்போது என்னமோ சொன்னியே, இப்ப சொல்லு. இந்தப் பக்கம் நல்லாக் கேக்கும்.”

“ஒண்ணுமில்ல. வூட்டுக்குப் போயி சொல்றேன்” என்றேன்.

அதற்குப் பிறகு பத்து மாதம் இருந்தார். இன்னும் இரண்டு தடவை கேட்டார். நான் சொல்லவில்லை.